வடத்துக்குள் தேங்கும் வேகம்

விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். கடலிலிருந்து திரும்பிய பைபர் படகு மணலில் மூக்கை ஊன்றி நிற்கிறது. முகப்பில் ஒரு நைலான் வடம், மறுமுனை டிராக்டரில். வண்டி உறுமி நகர்கிறது, படகு அசையவில்லை. சோழமண்டலக் கரைக் குப்பங்கள் பலவற்றில் காணக்கூடிய காட்சி. எல்லோரும் படகைப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் பார்க்க வேண்டியது வடத்தை.

வண்டி முன்னே போய், படகு நின்ற இடத்திலேயே நின்றால், நடுவில் நீண்டிருப்பது வடம்தான். ஈரமணலில் புதைந்த படகை முதல் அங்குலம் நகர்த்தத்தான் அதிக விசை வேண்டும். நகர்ந்துவிட்டால் உராய்வு குறையும். அதுவரை எஞ்சினின் உழைப்பில் பெரும்பங்கு கயிற்றுக்குள் தேங்குகிறது. நைலான் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அவற்றின் பல பகுதிகள் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நிமிரும், விட்டால் பழையபடி சுருளத் துடிக்கும்.

ஒரு கணக்கு. 10 மீட்டர் வடத்தை ஒரு டன் எடைக்கு ஈடான விசை இழுக்கிறது. வடம் 1 மீட்டர் நீள்கிறது. உள்ளே சேர்ந்திருப்பது சுமார் 5,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையை எட்டும்போது இருக்கும் ஆற்றல் அது. விழும் மூட்டையைக் கண்டு விலக ஏறத்தாழ ஒன்றரை வினாடி கிடைக்கும். அறுந்த வடத்தில் அந்த ஆற்றல் இரண்டு கிலோகூட இல்லாத கயிற்றின் வேகமாக மாறுவதால், பார்த்து விலக நேரமே இராது.

தென்னை நார்க் கயிறும் நீளும். பலம் குறைவு என்பதால் பெரிய இழுவை ஏறும் முன்பே அறுந்துவிடும். சேர்த்து வைப்பதும் குறைவு. பலமும் நீட்சியும் ஒன்றாகக் கூடியது நைலானில். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய பொருள் அது. நங்கூரமிட்ட படகை அலையின் குலுக்கலிலிருந்து காப்பதும் இதே நீட்சிதான்.

ஐலசா போட்டு ஆட்கள் இழுத்தபோது கைகளே அளவுகோலாக இருந்தன. படகு வரவில்லை என்றால் உள்ளங்கை எரியும், இழுப்பவர்கள் நிறுத்திவிட்டு மணலைத் தோண்டுவார்கள். டிராக்டருக்கு உள்ளங்கை இல்லை. அதனால்தான் அடியில் உருளைக் கட்டை போடுவதும், அலை படகைத் தூக்கும் நொடிக்குக் காத்திருந்து இழுப்பதும் இன்று முன்னைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

வடம் போகும் நேர்கோட்டில் நிற்கவே கூடாது. அது கம்பத்தில் வளைந்து சென்றால், வளைவின் உட்புறமும் ஆபத்து. அறுவது கயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துருவேறிய வளையம் பிய்ந்தால் இரும்பே பறந்து வரும். 2015 மார்ச்சில் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் சர்கா என்ற எரிவாயுக் கப்பலைத் துறையில் கட்டும்போது வடம் அறுந்து, ஓர் அதிகாரியின் தலையில் பலத்த காயம். அறுந்தாலும் பாயாது என்று நம்பப்பட்ட, அதிகம் நீளாத நவீன இழை அது. ஆனால் அதோடு இணைத்திருந்த நீளும் துண்டு, ஆற்றலைத் தேக்கி வைத்திருந்தது.

அலை உடையும் இடத்தில் கரைக்கும் படகுக்கும் நடுவே நிற்பதும் இதே அளவு அபாயம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் சற்று அதிகம். நீர் புகுந்த படகு பக்கவாட்டில் திரும்பினால் கையால் தடுக்க முடியாது.

சரிவில் படகை இறக்கும்போது கயிறு நம் பக்கம் சேர்ந்துகொள்ளும். கம்பத்தில் ஒரு சுற்றுப் போட்டால், கையின் பிடியைப்போல் சுமார் 5 மடங்கு இழுவையைத் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு 10 மடங்கு என்றுதான் தோன்றும். கிடைப்பதோ 20-க்கு மேல். மூன்றாவது சுற்றில் 100-ஐத் தாண்டும். உராய்வு எண்ணைக் கால் என்று வைத்தாலே இவ்வளவு. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பெருக்குவதன் கணக்கை வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்டு ஆய்லர். அரை டன் இழுவையை ஒருவர் 5 கிலோ பிடியில் நிறுத்தி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கலாம். அவருடைய விரல் மட்டும் கம்பத்துக்கும் கயிற்றுக்கும் இடையே போகக் கூடாது. அங்கே அழுத்துவது அந்த அரை டன்.