வெக்கையை வென்ற ஊசி

முதலில் காய்ச்சல். பிறகு கண்ணும் மூக்கும் ஒழுகும். ஈறும் நாக்கும் புண்ணாகி, தீவனத்தை முகர்ந்துவிட்டு மாடு தலையைத் திருப்பிக்கொள்ளும். கழிச்சலும் கண்டுவிட்டால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். வெக்கை நோய் புகுந்த ஊரில் ஏர் பூட்ட மாடிருக்காது. 1880-களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் நுழைந்த இந்த வைரஸ், பத்தே ஆண்டுகளில் தென்கோடிவரை போய், பல பகுதிகளில் பத்து மாட்டில் எட்டு, ஒன்பதைக் கொன்றது.

1920-களில் குமாவுன் மலையிலுள்ள முக்தேசர் ஆய்வகத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் இந்த வைரஸை ஆட்டுக்கு ஆடாக ஏற்றிக்கொண்டே போனார். ஆட்டுடம்புக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வீரியம் தணிந்தது. நாட்டு மாடுகள் அந்த ஊசியைத் தாங்கின. சீமை மாடுகளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளௌரைட் ஆட்டையே விட்டுவிட்டார். கன்றின் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அதில் வைரஸை ஏற்றினார். ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்கு, சுமார் 90 தடவை. 1960-களின் தொடக்கத்தில் தயாரான அந்த மருந்து எல்லா இன மாட்டுக்கும் ஒத்துப்போனது. ஒரே ஊசி, ஆயுள் முழுக்கக் காப்பு.

ஒரே குறை, சூடு ஆகாது. வெக்கை மருந்துக்கு வெக்கையே பகை! ஐஸ் பெட்டி எட்டாத மேய்ச்சல் காடுகளில்தான் நோயோ பதுங்கியிருந்தது. பின்னர் ஜெஃப்ரி மரைனர் என்ற ஆய்வாளர் மருந்தை உறையவைத்து உலர்த்தும் முறையை மாற்றி, குளிர்பெட்டி இல்லாமலே சுமார் ஒரு மாதம் தாங்கும்படி செய்தார். மேய்ப்பர்களே ஊசி போடப் பழகி, மருந்தோடு நடந்தார்கள். பேர் ப்ளௌரைட்டுக்குப் போனது நியாயம்தான். ஆனால் அந்த நடை இல்லாவிட்டால் நோய் ஒழிந்திருக்காது.

இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் வட ஆற்காட்டில். அதே வட்டாரத்து இராணிப்பேட்டையில்தான் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. 2011-ல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றே.

கோமாரி அவ்வளவு எளிதில் மசியாது. வெக்கை வைரஸில் ஒரே வகை, கோமாரியில் ஏழு. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது, காப்பும் சில மாதங்களில் தேய்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி முகாம் நடப்பது அதனால்தான். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, “போன தடவைதான் போட்டாச்சே” என்று மாட்டைத் தொழுவத்திலேயே விட்டுவிடாதீர்கள். நாலு மாதம் தாண்டிய கன்று இருந்தால் அதையும் சேர்த்து ஓட்டிப் போங்கள்.