கணினியில் ஒரு வங்கிக் கணக்கேடு



மாதச் சம்பளம் வங்கியில் சேர்ந்த சில நாட்களிலேயே வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, காணிக்கை, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை எனப் பல வழிகளில் பிரிந்துபோகிறது. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின், காய்கறிக் கடையில் கொடுக்கும் இருபது ரூபாயும் வங்கிக் கணக்கிலிருந்தே செல்கிறது. ஆகவே, "கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்பது ஒரு கேள்வி, "அதில் நாம் செலவிடக்கூடியது எவ்வளவு?" என்பது வேறொரு கேள்வி. வங்கி முதற்கேள்விக்கு மட்டுமே விடை கூறும். இரண்டாவதற்கு நமக்கென்று ஒரு கணக்கேடு வேண்டும்.

அதற்கு உதவும் இலவச மென்பொருள்களில் ஒன்று குனூகேஷ். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். புதிய கோப்பைத் திறந்ததும், கணக்குகளை அமைப்பதற்கான வழிகாட்டி தோன்றும். நாணயமாக இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 'செக்கிங் அக்கவுண்ட்' என்ற பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். காசோலைக்கும் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கும் உரிய கணக்கை அமெரிக்கர் அவ்வாறு அழைப்பர். நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்பணியைச் சேமிப்புக் கணக்கே செய்கிறது. அப்பெயரை நீக்கிவிட்டு, உங்கள் வங்கியின் பெயரையே இட்டுக்கொள்ளலாம்.

அடுத்து வருவது தொடக்க இருப்பு. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. உதாரணமாக, மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் ரூ.18,400 இருக்கிறது. வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்த ரூ.12,000 காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. இப்போது தொடக்க இருப்பாக எழுத வேண்டியது 18,400. நாமே கழித்து 6,400 என்று எழுதக் கூடாது. காசோலையைத் தனிப் பதிவாக, வாடகைச் செலவின் கீழ் எழுதுங்கள். திரையில் மீதி 6,400 என்று தெரியும். உங்கள் கையிலுள்ள உண்மையான பணம் அதுவே.

இந்த வேறுபாடு சிறியதன்று. பாஸ்புக்கை மட்டும் நம்பி எட்டாயிரம் ரூபாயைச் செலவிட்டால், பின்னர் வரும் அக்காசோலை பணமின்றித் திரும்பும். வங்கி அபராதம் விதிக்கும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, கடனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பி, சட்டப்படி அறிவிப்பு பெற்ற 15 நாட்களுக்குள்ளும் பணத்தைச் செலுத்தாவிடில், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காசோலை மூன்று மாதங்கள் வரை செல்லும். அதுவரை அத்தொகை நம்முடையதன்று.

மாத இறுதியில் வங்கி அறிக்கையை எடுத்து, 'ரீகன்சைல்' என்ற பகுதியில் அறிக்கையின் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுங்கள். வங்கியில் கடந்துபோன பதிவுகளை ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால், நீங்கள் எழுத மறந்த செலவோ, வங்கி பிடித்த கட்டணமோ, அறியாமல் எடுக்கப்பட்ட தொகையோ அங்கே வெளிப்படும்.

வங்கியின் கடவுச்சொல் எதையும் இம்மென்பொருளுக்குத் தர வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் கோப்பு பூட்டப்பட்டிராது. கணினியைத் திறப்பவர் யாரும் அதைப் படிக்கலாம். ஆகவே கணினிக்குக் கடவுச்சொல் இடுங்கள். கோப்பின் பிரதியொன்றைப் பென் டிரைவில் வையுங்கள்.

சம்பாதிப்பவர் ஒருவராகவும் குடும்பத்தை நடத்துபவர் மற்றொருவராகவும் இருக்கும் இல்லங்களில், கணவனும் மனைவியும் வாரம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து இவ்வேட்டை எழுதுவது நலம். "பணம் எங்கே போயிற்று?" என்ற கேள்வி குற்றச்சாட்டாக மாறுமுன், அதற்கான விடை இருவர் கண்முன்னும் இருக்கும்.