பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. கணினி அதனால் நின்றுவிடாது. ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமற்போவதால், அதில் வங்கிக் கணக்கைக் கையாளுதல் ஆபத்தாகும். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அஃது இல்லை. குறுக்கு வழியில் ஏற்றுவாரும் உளர். அவ்வாறு ஏற்றியவற்றிற்குத் திருத்தங்கள் கிடைக்குமென்ற உறுதி இல்லையாதலால், நாம் அதனைப் பரிந்துரையோம்.

சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய கணினியை எறியவும் வேண்டா. லினக்ஸ் மிண்ட் இலவசமாகக் கிடைக்கிறது. 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் நன்கு இயங்கும். பென்டிரைவிலிருந்தே முதலில் இயக்கிப் பார்க்கலாம். விளையாட்டுகள் சில ஓடா. பெற்றோர் அதற்கு வருந்தார். விண்டோஸை நீக்கிவிட்டு நிறுவினால் வட்டிலுள்ளவை அழிந்துவிடுமாதலால், படங்களையும் பாடக்குறிப்புகளையும் முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.