மணப்பெண்ணின் மௌனம்: ஓர் ஓவியத்தில் அகமும் முரணும்

கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஒருத்தி தலை பின்னுவாள், இன்னொருத்தி பூ எடுத்துக் கொடுப்பாள், குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இத்தனைக்கும் நடுவே மணப்பெண் மட்டும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த அறையையே ஓர் ஓவியர் 1937-இல் தைலவண்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார். ‘மணப்பெண் அலங்காரம்’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்தப் படத்தை வரைந்தவர் அம்ரிதா ஷெர்கில். படம் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் உடைமை. அதே கலைக்கூடத்தின் பெங்களூர்க் கிளை, வசந்த நகர் அரண்மனைச் சாலையிலுள்ள மாணிக்கவேலு மாளிகையில் 2009-இல் திறக்கப்பட்டது. மாளிகையின் பெயரிலேயே ஒரு தமிழர் இருக்கிறார் என்பது நமக்குச் சின்ன சந்தோஷம்.

அம்ரிதா 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாயார் ஹங்கேரிய இசைப் பாடகி. பதினாறு வயதில் பாரிசுக்குப் படிக்கப்போன அம்ரிதா 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். பிறகு அஜந்தா, எல்லோரா, மட்டாஞ்சேரி, கன்னியாகுமரி என்று தெற்கு நோக்கிப் பயணம். அந்தப் பயணத்தின் விளைச்சலே தென்னிந்திய மூன்று படங்கள்: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’.

பாரிசிலிருந்து அவர் கொண்டுவந்தது போஸ்ட் இம்ப்ரெஷனிசத்தின் பார்வை. ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய விமர்சகர் 1910-இல் லண்டனில் நடத்திய காட்சிக்கு வைத்த பெயர் அது. முந்தைய தலைமுறை ஓவியர்கள் ஒளி விழும் கணத்தைப் பிடித்தார்கள். செசான், கோகன், வான்கோ ஆகியோரோ கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவதோடு நிற்கவில்லை. உருவத்தைச் சுருக்கினார்கள், உணர்ச்சிக்காக வண்ணத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். அந்தப் பாடத்தோடு அஜந்தாச் சுவரோவியங்களின் நிறத்தையும் நெளிவையும் சேர்த்துப் பாருங்கள், அம்ரிதாவின் படம் கிடைத்துவிடும்.

இனி படத்துக்கு வருவோம். நடுவில் வெளிர்நிற மணப்பெண். கைகளில் மட்டும் மருதாணிச் சிவப்பு. அவளைச் சுற்றிக் கறுத்த மேனிப் பெண்கள், குழந்தைகள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. முக்கியமாக, மணமகன் படத்தில் இல்லவே இல்லை.

இதை நம் அகப்பொருள் மரபோடு வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் சொல்லும் வழக்கமில்லை. இந்த மணப்பெண்ணுக்கும் பெயரில்லை. தோழியும் செவிலியும் தலைவியைச் சூழ்ந்திருப்பார்கள். இங்கும் பெண்கள் சூழ்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தொல்காப்பியம் களவியலை முதலில் வைத்து, அதன் பிறகே கற்பியலுக்குப் போகிறது. குறளின் காமத்துப்பாலும் களவில் தொடங்கி ஊடலுவகை என்ற 133-ஆம் அதிகாரத்தில் முடிகிறது. காதலும் பிணக்கும் இரண்டு பேருக்குள் நடப்பவை; ஊடுவதற்கும் ஒருவன் எதிரே வேண்டும். இந்தப் படத்துப் பெண்ணுக்கோ ஊடக்கூட ஆள் இல்லை. அவளுடைய முரண் காதலனோடு அல்ல, சடங்கோடு. எல்லாக் கைகளும் அவளைத் தயார்ப்படுத்துகின்றன. அவள் கை மட்டும் சும்மா இருக்கிறது.

அம்ரிதாவின் சொந்த வாழ்க்கையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. படம் வரைந்த மறு வருடமே, 1938-இல், தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை மணந்தார். பெற்றோருக்கு அதில் சம்மதமில்லை. மூன்றே ஆண்டுகளில், 1941 டிசம்பர் 5-ஆம் நாள், லாகூரில் காலமானார். வயது 28. தானே தேர்ந்து மணந்த ஒரு பெண், தேர்வே இல்லாத ஒரு பெண்ணை ஏளனமும் செய்யவில்லை, அழவும் வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் படத்தின் அச்சுப் பிரதியை நான் முதலில் பார்த்தபோது அல்சூர் வீட்டில் நடந்த என் அக்கா கல்யாணம் நினைவுக்கு வந்தது. அலங்கார அறையில் ஒரு பெரியம்மா, “பொண்ணு நல்ல செவப்பு, கொடுத்து வெச்சவன்” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரித்தாளா என்று யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. படத்தில் வெளிர்நிறத்தையும் கருநிறத்தையும் அருகருகே வைத்த ஓவியர், வெளுத்தவளைப் பாக்கியசாலியாகக் காட்டவில்லையே! மணமகள் தேவை விளம்பரங்களில் இன்றும் ‘சிவந்த நிறம்’ கேட்கும் நாம் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பல வருடம் கழித்து அக்காவிடமே அந்தப் பிரதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் ஏதாவது கேட்டாங்களாடா?” என்றாள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு வரன் பார்க்க உட்காரும் முன், அந்தக் கேள்வியை அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.