புத்தாண்டு உறுதி

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் வேளையில் திருகோணமலைக் கப்பல்துறைப் பகுதியின் தமிழ் இல்லங்களில் பழைய ஒழுங்கு ஒன்று இன்றும் காணப்படுகின்றது. கோயிலிலிருந்து பெற்ற மருத்துநீரைப் பெரியோர் தலையில் வைக்க, யாவரும் நீராடிப் புத்தாடை புனைந்து இறைவனை வணங்குவர். பின்னர்ப் பஞ்சாங்கம் குறித்த நல்வேளையில், மூத்தோர் வெற்றிலையில் வைத்துக் கொடுக்கும் காசை இளையோர் கைவிசேடமாகப் பெற்றுக்கொள்வர். அந்நாளிலேயே பலரும் மனத்துள் ஓர் உறுதி பூணுவர். மதுவை விடுவேன் என்பார் ஒருவர்; கடனைத் தீர்ப்பேன் என்பார் மற்றொருவர்; நாள்தோறும் படிப்பேன் என்பான் மாணவன். இவ்வுறுதியைச் சனவரி முதல் நாளில் பூணுவோரும் உளர்.

நாள் எதுவாயினும் முடிவு பெரும்பாலும் ஒன்றே. வைகாசி பிறக்குமுன் உறுதி தளர்ந்துவிடுகின்றது. இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மதுவை விடுவதாகத் தந்தை சொன்ன சொல்லை நம்பியிருந்த மனைவியும் மக்களும் ஏமாற்றம் அடைகின்றனர். அவரோ, "என்னால் ஆகாது" என்று தம்மைத் தாமே இகழ்ந்து, மறு ஆண்டு முயலவும் நாணுகின்றார். ஒரு நாள் தவறியது சிறு பிழை. அதனையே தம் இயல்பின் அளவுகோலாகக் கொள்வது பெரும் பிழை.

1980களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்க்ராஸ் என்பாரும் அவருடன் ஆய்ந்தவரும், புத்தாண்டு உறுதி பூண்ட 200 பேரை இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். முதல் வாரத்தின் முடிவில் நூற்றுக்கு 77 பேர் உறுதியைக் காத்து நின்றனர். இரண்டாண்டின் முடிவில் நின்றவர் நூற்றுக்கு 19 பேரே. எனினும், ஈண்டுக் கருதத்தக்கது மற்றொரு செய்தியாகும். வெற்றி பெற்றோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையே ஒரு முறையேனும் வழுவியவர்களே. வழுவிய பின்னும் அவர்கள் மீண்டு வந்தனர். ஆதலின், வென்றாரைத் தோற்றாரினின்றும் பிரிப்பது வழுவாமை அன்று. மீண்டு வருதலே என்பது போதரும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக ஈழத்தமிழர் நன்கறிந்த ஒரு வாழ்வு உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியவர். வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழின் அமைப்பை ஆராய்ந்து வெளிப்படுத்துவதை அவர் பின்னாளில் தம் குறிக்கோளாகக் கொண்டார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அவருக்கு வழிகாட்டியது. அறிவியற் பட்டதாரியாகிய அவர்தம் கணிதப் புலமை துணை நின்றது. அவ்வாராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. அதனிடையே இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதியில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியப் பணி வந்தது, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவி வந்தது, நோயும் வந்தது. இத்தனைக்கும் இடையில் அவர் தம் ஆராய்ச்சிக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார்.

எல்லோரும் யாழ் நூல் இயற்ற வேண்டுவதில்லை. எளியோர்க்கும் இயலும் முறைகள் உள. முதலாவது, குறிக்கோளைச் சிறிதாக்கிக் காலமும் இடமும் குறித்தல் வேண்டும். "இவ்வாண்டு பணம் சேர்ப்பேன்" என்பதினும், "மீன் விற்று வீடு திரும்பியதும், உடை மாற்றுமுன் உண்டியலில் 100 ரூபாய் இடுவேன்" என்பது நிலைக்கும். இரண்டாவது, வீட்டார் ஒருவர் அறியச் சொல்லி வைத்தல் நன்று. மூன்றாவது, பொறுமை வேண்டும். இலண்டனில் 96 பேரிடம் நிகழ்த்தி 2010இல் வெளியிடப்பெற்ற ஆய்வு ஒன்றின்படி, ஒரு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலர்க்கு 18 நாட்களே போதும், சிலர்க்கு 254 நாட்கள் வரை செல்லும் என்று அது மதிப்பிட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாதல் கெட்டுவிடவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபாகும். மது முதலியவற்றில் ஆழ்ந்துவிட்டோர் மருத்துவர் துணையை நாடுதல் இழுக்காகாது. அதுவும் மீண்டு வருதலின் ஒரு வழியே.

கைவிசேடமாகப் பெறும் காசு பெரிதன்று. ஆயினும் அதனைச் செலவிடாது பேழையில் போற்றி வைப்போர் உளர். அக்காசின் மதிப்பு அதன் தொகையில் இல்லை. கொடுத்த கையை நினைவூட்டுவதில் உள்ளது. புத்தாண்டு உறுதியும் அத்தகையதே. தவறிய நாளின் மறுநாட் காலையில் அதனை மீண்டும் கையில் எடுப்பவர்க்கு, ஆண்டின் எந்த நாளும் புத்தாண்டே ஆகும்.