அரிசிச் சாக்கின் கூலிக் கணக்கு

ரேஷன் கடையில் அரிசியைக் கொட்டிவிட்டு மூலையில் மடித்துப் போட்டிருக்கும் சணல் சாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். 50 கிலோ தாங்கும் அந்தச் சாக்கின் எடை 580 கிராம். பெரும்பாலும் அது கொல்கத்தாவை ஒட்டி, ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும் உள்ள டிட்டாகர், பாட்பாரா, ரிஷ்ரா மாதிரி ஓர் ஊரின் ஆலையில் நெய்ததாக இருக்கும்.

அந்தச் சாக்குக்குச் சந்தை விலை வைப்பதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு தானியத்துக்குச் சணல் சாக்கைக் கட்டாயமாக்கியது. வாங்குவது அரசு; விலை சொல்வது கொல்கத்தாவில் இருக்கும் சணல் ஆணையர் அலுவலகம். கச்சாச் சணல் விலையோடு ஆலைச் செலவையும் கூட்டிப் போடும் கணக்கு அது. 2021-ல் கச்சாச் சணலுக்குக் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அந்த விலைக்குச் சரக்குக் கிடைக்கவில்லை என்று பத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் கதவைச் சாத்தின. 2022 மே மாதம் வரம்பு நீங்கியது. அதுவரை அணைந்து கிடந்தது தொழிலாளி வீட்டு அடுப்பு.

கூலியும் பேசி முடிவாவதுதான். மாநில அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என முத்தரப்பும் உட்காரும். புதிதாகச் சேருபவரின் நாள்கூலி 2019-ல் 257-லிருந்து 370 ரூபாயானது. 2024 ஜனவரி ஒப்பந்தத்தில் 485. ஆனால், பேச உட்காருகிறவர்களின் பலம் ஒன்றல்ல. முதலாளிகள் 1884-லேயே சங்கம் கண்டவர்கள். சாக்கு விலை விழாமலிருக்க, 1886-ல் ஆலைகள் வேலை நேரத்தைச் சேர்ந்தே குறைத்தன. முதலாளிகள் எங்கும் எப்போதும் ஓசையில்லாமல் கைகோத்திருப்பார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். தொழிலாளிகளோ 1929-ல், வார வேலை 54 மணியிலிருந்து 60 மணியாக ஏறியபோதுதான் ஆலை ஆலையாக ஒன்றுதிரண்டு பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

485 ரூபாய் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் முழுக் கதை தெரியாது. ஆலை வாசலில் காலையில் காத்து நிற்கும் 'பத்லி'யைப் பார்க்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி வராத இடத்தில் இவரைக் கூப்பிடுவார்கள். நம் ஊர் மில்களில் 'பதிலி' என்போமே, அதே சொல்தான். கூப்பிட்டால் கூலி, இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்கு. மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் 12,610 ரூபாய். 15 நாள்தான் என்றால் 7,275. வீட்டு வாடகை இரண்டு மாதத்துக்கும் ஒன்றுதான்.

1948-ல் அரசு அமைத்த நியாயக் கூலிக் குழு ஓர் அளவுகோல் சொன்னது: குறைந்தபட்சக் கூலி கீழ் எல்லை, தொழிலின் கொடுக்கும் சக்தி மேல் எல்லை, இரண்டுக்கும் நடுவே நியாயக் கூலி. அந்தக் 'கொடுக்கும் சக்தி' சணல் ஆலையில் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி அரசு தரும் சாக்கு விலையிலிருந்து.

ஆள் கிடைக்கவில்லை என்று ஆலைக்காரர்கள் குறைப்படுகிறார்கள். ஆற்றங்கரை இளைஞர்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ரயிலேறுகிறார்கள். ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும் என்பது சந்தை விதி. விலையைக் கையில் வைத்திருக்கும் அரசு இடம் கொடுக்காமல் அந்த விதி இங்கே வேலை செய்யாது. அடுத்த முறை சாக்குக்கு விலை போடும்போது, பத்லி வாசலோடு திரும்பிய நாளுக்கும் அதில் ஒரு தொகை இருக்கட்டும். 580 கிராம் சாக்கில் அது சில பைசா கூடுதலாக வரலாம்.