'ஒன்றுமில்லை' என்பதன் அர்த்தம்

குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தாயிற்று. இரத்தமும் மலமும் சோதித்தாயிற்று. 'ஒன்றுமில்லை' என்கிறார் வைத்தியர். கூட வந்த மொழிபெயர்ப்பாளரோ அதை இன்னும் சுருக்கி 'எல்லாம் மனம்தான்' என்கிறார். வயிற்றுளைவோடு போனவர் விசர்ப் பட்டத்தோடு வீடு திரும்புகிறார். நமது சூழலில் இது புதினமல்ல.

'ஒன்றுமில்லை' என்றால் புண்ணோ கட்டியோ அழற்சியோ கண்ணிற் படவில்லை என்று மட்டுமே பொருள். குடற்சுவருக்குத் தனியானதொரு நரம்பு வலை உண்டு. அது மூளையோடு இரு திசையிலும் ஓயாது செய்தி பரிமாறுகிறது. அந்தப் பரிமாற்றத்தில் உணர்திறன் கூடிவிட்டால் சாதாரண வாயுவே நோவாகிவிடும். மலக்குடலுள் சிறு பலூனை ஊதிச் செய்த பரிசோதனைகளில், மற்றவர்கள் பொருட்படுத்தாத அழுத்தத்தையே இந்நோயாளர் பலர் வலியாக உணர்ந்தனர். 2000ஆம் ஆண்டு கனடாவின் வோக்கர்டன் நகரில் குடிநீர் மாசுபட்டுக் குடற்தொற்றுக்கு ஆளானவர்களிற் பலருக்கு, கிருமி போன பின்னரும் ஆண்டுக்கணக்கில் இக்கோளாறு நீடித்தது. ஒரு நகரமே ஒன்றாக மனம் பேதலித்ததென்று யாராவது சொல்வார்களா? மனநெருக்கடி நோவைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கூட்டுவது வேறு, கற்பனை செய்வது வேறு. 2016இல் வெளியான நான்காவது ரோம் வரையறை இவற்றைக் 'குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள்' என்றே அழைக்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, இரத்தச்சோகை, நித்திரையைக் குலைக்கும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் உபாதை: இவற்றில் ஒன்றிருந்தாலும் மேலும் பரிசோதிக்கும்படி விடாது கேட்கவேண்டும். இல்லையெனில் வருடாவருடம் கமரா விடுவதில் பயனில்லை.

சாப்பாட்டில் நமக்கு வில்லங்கமானவை வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு. சிறுகுடலில் உறிஞ்சப்படாத இவற்றின் மாச்சத்துகள் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறையில், இவை போன்றவற்றை 2 முதல் 6 வாரம் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆயுள் முழுக்கப் பத்தியமென்று இதை விளங்கிக்கொள்வது தவறு. உள்ளியை எண்ணெயிற் பொரித்து எடுத்தெறிந்துவிட்டால் வாசம் நிற்கும். உபத்திரவம் தரும் சத்து எண்ணெயிற் கரையாது. குழம்பில் அவியவிட்டு எடுப்பதால் பலனில்லை, அது நீரிற் கரைந்துவிடும்.

இனி மருந்து. அமிட்ரிப்டிலின் பெட்டியில் 'மனச்சோர்வுக்கு' என்று வாசித்ததும் குப்பையில் எறிபவர்கள் உண்டு. 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கொடுத்தபோது, போலி மாத்திரையைவிட அது எரிச்சற்குடலைத் தணித்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடக் கூட. இங்கு அது வேலை செய்வது நோவைக் கடத்தும் நரம்புகளில். இரவில் எடுப்பது நல்லது, நித்திரை வரும். மலச்சிக்கலை இது கூட்டக்கூடும். ஏற்கெனவே அந்த உபாதை உள்ளவர்கள் அதை வைத்தியருக்குச் சொல்லிவிட்டே தொடங்கவேண்டும்.